வாய் ஒரு பக்கம், குரல் ஒரு பக்கம்: வீடியோ கன்வர்ட் செய்யும்போது கவனிக்க வேண்டியவை

வீட்டு விசேஷத்தை மொபைல் போனில் எடுத்து, கம்ப்யூட்டரில் எடிட் செய்து, டிவிடியில் பதிந்து பார்த்திருக்கிறீர்களா? முதல் பத்து நிமிடம் எல்லாம் சரியாக இருக்கும். போகப் போக வாய் அசைவு முன்னாலும் குரல் பின்னாலும் ஓடத் தொடங்கும். பலரும் டிஸ்க் சரியில்லை என்று நினைத்து அடுத்த டிஸ்க்கை எடுப்பார்கள். நானும் அப்படி மூன்று டிஸ்க்குகளை வீணாக்கியவன்தான்.

எங்கள் ஊர் திருவண்ணாமலையிலிருந்து செஞ்சி செல்லும் சாலையில் உள்ள கீழ்பென்னாத்தூர். தாத்தாவின் சதாபிஷேகத்தை என் மொபைலில் எடுத்தேன். நான்கு மாதத்தில் தாத்தா காலமாகிவிட்டார். வருடத் திதிக்கு எல்லோரும் வரும்போது அதைப் போட்டுக் காட்ட வேண்டும் என்றார் பாட்டி. அவருக்கு டிவிடி பிளேயர் மட்டும்தான் பழக்கம். கடைசியில் தாத்தா பேரப்பிள்ளைகளைப் பெயர் சொல்லி வாழ்த்தும் காட்சியில்தான் குரல் இரண்டு விநாடி தள்ளி வந்தது. என் பெயரைச் சொல்லும்போது திரையில் தம்பி காலில் விழுந்துகொண்டிருந்தான்!

காரணம் இதுதான். இந்தியாவில் பின்பற்றப்படும் பால் முறை டிவிடியில் விநாடிக்கு சரியாக 25 பிரேம்கள். படத்தின் அளவு 720க்கு 576. மொபைல் போன்களோ பெரும்பாலும் 30 பிரேம் என்று சொல்லிக் கொண்டாலும், வெளிச்சம் குறைந்தால் பிரேம்களைக் குறைத்துவிடும். இதற்கு வேரியபிள் பிரேம் ரேட் என்று பெயர். ஒலி மட்டும் சீராகப் பதிவாகும். எடிட்டிங் புரோகிராம் எல்லா பிரேம்களும் ஒரே இடைவெளியில் இருப்பதாக எடுத்துக் கொண்டால், வித்தியாசம் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ந்துகொண்டே போகும்.

உங்கள் பைல் எப்படி என்று அறிய மீடியாஇன்போ என்ற இலவச புரோகிராமில் அதைத் திறந்து, பிரேம் ரேட் மோட் என்ற வரியைப் பாருங்கள். வேரியபிள் என்றிருந்தால் எடிட் செய்வதற்கு முன்பே சரி செய்திட வேண்டும். எடிட் செய்து முடித்த பின் ஒலியை இழுத்து இழுத்துப் பொருத்துவது வீண் வேலை. ஓரிடத்தில் சேரும், அடுத்த இடத்தில் விலகும்.

இதற்கு நான் பயன்படுத்தியது ஹேண்ட்பிரேக். இதுவும் இலவசம். பைலைத் திறந்து, வீடியோ டேபில் பிரேம்ரேட் 25 எனத் தேர்ந்தெடுத்து, கான்ஸ்டன்ட் பிரேம்ரேட் என்பதைக் கிளிக் செய்திடவும். என்கோடராக எச்.264 இருக்கட்டும். புதிய போன்களின் எச்.265 பைலைப் பழைய எடிட்டிங் புரோகிராமில் திறந்தால் சில சமயம் ஒலி வரும், திரை கறுப்பாக இருக்கும். அந்தச் சிக்கலும் இதிலேயே தீரும். தரத்திற்கான ஆர்.எப். எண் குறையக் குறைய தரம் கூடும், பைலும் பெரிதாகும். 18 வைத்தேன். முப்பதை இருபத்தைந்தாக்கும்போது ஆறில் ஒரு பிரேம் போய்விடும். கேமராவை வேகமாகத் திருப்பிய இடங்களில் லேசான குலுக்கல் தெரியும். குரல் பொருந்தினால் போதும் என்று விட்டுவிட்டேன்.

அடுத்து டிஸ்க். எம்பி4 பைலை அப்படியே டிஸ்க்கில் காப்பி செய்தால் அது வீடியோ டிவிடி ஆகாது. பழைய பிளேயர்கள் தேடுவது வீடியோ_டிஎஸ் என்ற போல்டரை, அதில் எம்பெக்-2 படத்தை. டிவிடிஸ்டைலர் போன்ற இலவச புரோகிராம் இந்த வேலையைச் செய்யும். புது புராஜெக்ட்டில் பால், 16:9 இரண்டையும் மறவாமல் தேர்ந்தெடுங்கள். இல்லையென்றால் தாத்தா ஒல்லியாகிவிடுவார்.

4.7 ஜிபி என்று அட்டையில் போட்டிருக்கும் டிஸ்க்கை விண்டோஸ் 4.38 ஜிபி என்றுதான் காட்டும். ஏமாற்றவில்லை; கணக்கிடும் முறை வேறு. இரண்டு மணி நேரப் படம் அடங்க வேண்டுமானால் படமும் ஒலியும் சேர்ந்து விநாடிக்கு 5 மெகாபிட் அளவில் இருக்க வேண்டும். அதற்கு மேல் நீட்டாமல் இரண்டு டிஸ்க்காகப் போடுவதே நல்லது. டிஸ்க்கிற்கான ஐஎஸ்ஓ பைலைப் பென் டிரைவில் எடுத்துச் செல்பவர்களுக்கு ஒரு வார்த்தை: எப்ஏடி32 முறையில் பார்மட் செய்த டிரைவ் 4 ஜிபி அல்லது அதற்கு மேல் உள்ள ஒற்றை பைலை ஏற்காது. டிரைவில் உள்ளவற்றை வேறிடத்தில் காப்பி செய்துவிட்டு எக்ஸ்எப்ஏடிக்கு மாற்றிக் கொள்ளுங்கள்.

இப்போதைய லேப்டாப்களில் டிவிடி ரைட்டர் அநேகமாக இருப்பதில்லை; யுஎஸ்பி ரைட்டர் வாங்கிக் கொள்ளலாம். நான்காவது டிஸ்க்கை அவசரத்தில் அதிகபட்ச வேகத்தில் எழுதினேன். என் லேப்டாப்பில் ஓடியது, பாட்டி வீட்டுப் பிளேயரில் இருபதாவது நிமிடத்தில் நின்றுவிட்டது. ஐந்தாவதை 4எக்ஸ் வேகத்தில் எழுதி, வெரிபை செய்தும் பார்த்தேன். திதியன்று காலை அது கடைசி வரை ஓடியது. தாத்தா வாழ்த்திய இடத்தைப் பாட்டி ரிமோட்டில் மூன்று முறை பின்னால் தள்ளிப் பார்த்தார்.