பிரேக் எச்சரிக்கை விளக்கு கூறும் செய்தி

ஸ்கூடாயிலிருந்து ஜொகூர் பாருவுக்கும் சிங்கப்பூருக்கும் வேலைக்குச் செல்வோர் காலையிலும் மாலையிலும் நெரிசலில் ஊர்ந்து செல்வது வழக்கம். அடிக்கடி நின்று செல்லும் இத்தகைய பயணத்திற்கு ஏற்றது ஹைபிரிட் மகிழுந்து. பெட்ரோல் இயந்திரம், மின்மோட்டார் ஆகிய இரண்டாலும் இது இயங்குகிறது. 2,000 சிசிக்குக் குறைந்த ஹைபிரிட் மகிழுந்துகளுக்கு மலேசிய அரசாங்கம் 2011 முதல் 2013 வரை இறக்குமதி வரியிலிருந்தும் கலால் வரியிலிருந்தும் முழு விலக்கு அளித்தது. விலை குறையவே டொயோட்டா பிரியஸ், ஹோண்டா இன்சைட் போன்றவற்றைப் பலர் வாங்கினர். இன்று அவ்வண்டிகள் பத்து வயதைக் கடந்துவிட்டன. இத்தகைய மகிழுந்தில் பிரேக் எச்சரிக்கை விளக்கு எரிந்தால் வீட்டில் எதைச் சோதிக்கலாம், எதைத் தொடக்கூடாது என்பதை அறிந்திருப்பது உயிர்காக்கும் அறிவாகும்.

சாதாரண மகிழுந்தில் பிரேக் மிதியை அழுத்தும்போது, பிரேக் எண்ணெயின் அழுத்தம் பிரேக் கட்டைகளை நெருக்கிச் சக்கரங்களை நிறுத்துகிறது. மகிழுந்தின் இயக்க ஆற்றல் உராய்வினால் வெப்பமாகி வீணாகிறது. ஹைபிரிட் மகிழுந்தில் மின்மோட்டாரே மின்னாக்கியாக மாறி வேகத்தைக் குறைக்கிறது; அதனால் கிடைக்கும் மின்னாற்றல் மின்கலத்தில் சேமிக்கப்படுகிறது. கூடுதல் விசை தேவைப்படும்போது பிரேக் எண்ணெய் துணைக்கு வருகிறது. இவ்விரண்டின் பங்கையும் கணினி ஒன்று கணத்திற்குக் கணம் முடிவு செய்கிறது. பிரியஸில், எண்ணெயின் அழுத்தத்தை மின்பம்பு ஒன்று முன்கூட்டியே உண்டாக்கி, அழுத்தச் சேமிப்புக் கலனில் தேக்கி வைக்கிறது.

மகிழுந்தை இயக்கியதும் எச்சரிக்கை விளக்குகள் சில வினாடிகள் எரிந்து அணையும். விளக்குகள் பழுதின்றி உள்ளன என்பதைக் காட்டும் சோதனை இது. அணையாமல் நின்றாலோ, ஓடும்போது எரிந்தாலோதான் கவனிக்க வேண்டும். வட்டத்திற்குள் ஆச்சரியக்குறி கொண்ட சிவப்பு விளக்கு மூன்று செய்திகளில் ஒன்றைக் கூறும்: நிறுத்துப் பிரேக் விடுவிக்கப்படவில்லை, பிரேக் எண்ணெய் குறைந்துள்ளது, அல்லது பிரேக் அமைப்பில் கடுமையான பழுது உள்ளது. மஞ்சள் விளக்கு, ஏபிஎஸ் எனப்படும் சக்கரப் பூட்டுத் தடுப்பு அமைப்பிலோ மின்னணுக் கட்டுப்பாட்டிலோ பழுது இருப்பதைக் காட்டும். சிவப்பும் மஞ்சளும் சேர்ந்து எரிந்து, எச்சரிக்கை ஒலியும் கேட்டால் மகிழுந்தை மேலும் ஓட்டக்கூடாது.

வீட்டில் செய்யும் சோதனையை எளியதிலிருந்து தொடங்க வேண்டும். முதலில், நிறுத்துப் பிரேக் முழுமையாக விடுவிக்கப்பட்டுள்ளதா எனப் பார்க்க வேண்டும். சில பிரியஸ் வகைகளில் இது கையால் இழுப்பதாக இல்லாமல், இடக்காலால் அழுத்தும் மிதியாக இருக்கும். அடுத்து, மகிழுந்தை அணைத்துவிட்டு முன்மூடியைத் திறக்கலாம். ஹைபிரிட் மகிழுந்து ஓசையின்றி இயக்கத்தில் இருக்கக்கூடும் என்பதால், அது அணைந்துவிட்டதை உறுதிப்படுத்திச் சாவியைத் தொலைவில் வைப்பது நல்லது. உள்ளே தெரியும் செம்மஞ்சள் நிறக் கம்பிகளில் உயர் மின்னழுத்தம் உண்டு. மூன்றாம் தலைமுறைப் பிரியஸின் மின்கலம் மட்டுமே 201.6 வோல்ட் கொண்டது. அக்கம்பிகளைத் தொடவே கூடாது.

பிரேக் எண்ணெய்ப் புட்டியில் மேல்கோடும் கீழ்க்கோடும் இருக்கும். எண்ணெய் கீழ்க்கோட்டிற்குக் கீழே இருந்தால், ஊற்றி நிரப்பிவிட்டுப் புறப்படுவது தவறு. பிரேக் எண்ணெய், பெட்ரோலைப்போல் செலவாகும் பொருளன்று. பிரேக் கட்டைகள் தேய்ந்திருக்கலாம். அல்லது எங்கோ கசிவு இருக்கலாம். நிரப்பினால் விளக்கு அணையும். காரணம் அப்படியே இருக்கும். எனவே, சக்கரங்களின் உட்புறத்திலும் மகிழுந்து நின்ற தரையிலும் ஈரம் உள்ளதா எனப் பார்க்க வேண்டும்.

பிறகு, 12 வோல்ட் துணை மின்கலத்தைச் சோதிக்கலாம். நல்ல நிலையில் உள்ள மின்கலம், மகிழுந்து ஓய்வில் இருக்கும்போது ஏறக்குறைய 12.6 வோல்ட் காட்டும். அது வலுவிழந்தால் கணினிகள் தடுமாறிப் பல விளக்குகள் ஒருசேர எரியலாம். பிரியஸை இயக்கி நிறுத்தி வைத்து, மிதியைத் தொடாமல் செவிமடுப்பதும் பயன்தரும். மின்பம்பு சில வினாடிகளுக்கு ஒருமுறை ஓடிக்கொண்டே இருந்தால், தேக்கிய அழுத்தம் உள்ளேயே கசிகிறது என ஐயுறலாம்.

பழுதுக் குறியீட்டைப் படிக்கும் சிறு கருவியைச் சிலர் வாங்கி வைத்திருப்பர். மலிவான கருவிகள் பெரும்பாலும் இயந்திரத்தின் குறியீடுகளை மட்டுமே காட்டும். பிரேக் பழுதுக்குரிய, ‘சி’ எழுத்தில் தொடங்கும் குறியீடுகளைக் காட்டாமல் விட்டுவிடலாம். ஆகவே, கருவியில் ஒன்றும் தெரியவில்லை என்பதால் பழுதில்லை என்று பொருளாகாது.

கண்ணால் காணும் சோதனைக்கு எல்லை உண்டு என்பதை இரு நிகழ்வுகள் உணர்த்துகின்றன. 2010 பிப்ரவரியில் டொயோட்டா நிறுவனம் உலகெங்கும் ஏறத்தாழ 437,000 ஹைபிரிட் மகிழுந்துகளைத் திரும்ப அழைத்தது. மேடுபள்ளமான அல்லது வழுக்கும் சாலையில் பிரேக் கணநேரம் பிடிக்காததுபோல் ஓட்டுநர்கள் உணர்ந்தனர். எந்த உறுப்பும் உடையவில்லை. ஏபிஎஸ் மென்பொருளை மாற்றியே குறையைச் சரிசெய்தனர். 2013 ஜூனில் ஏறத்தாழ 242,000 மகிழுந்துகள் திரும்ப அழைக்கப்பட்டன. அவற்றின் அழுத்தச் சேமிப்புக் கலனில் விரிசல் ஏற்பட்டு, உள்ளிருக்கும் நைட்ரஜன் வாயு பிரேக் எண்ணெயில் கலக்கக்கூடும் எனக் கண்டறியப்பட்டது. இத்தகைய பழுதைத் தரையில் விழும் எண்ணெய்ச் சொட்டைக் கொண்டு கண்டறிய இயலாது.

எனவே, குழாய்களைக் கழற்றுவதும், எண்ணெயிலுள்ள காற்றை வெளியேற்றுவதும், பிரேக் கட்டைகளை மாற்றுவதும் பயிற்சி பெற்ற பட்டறையின் வேலை. கதவைத் திறந்தாலே பிரியஸின் மின்பம்பு ஓடக்கூடும். அப்போது சக்கரத்தருகே இருக்கும் விரல் நசுங்கலாம். மின்கலக் கம்பியைக் கழற்றி விளக்கை அணைப்பதும் தீர்வாகாது.

நெடுஞ்சாலையில் செல்லும்போது சிவப்பு விளக்கு எரிந்தால் பதறக்கூடாது. மிதியை விட்டுவிட்டு அழுத்தாமல், உறுதியாகவும் தொடர்ந்தும் அழுத்த வேண்டும். மிதி கடினமாகலாம், மகிழுந்து நிற்கும் தூரமும் கூடலாம். அவசர விளக்குகளை எரியவிட்டு அவசரத் தடத்தில் நிறுத்தி, அனைவரும் சாலையோரத் தடுப்புக்கு அப்பால் செல்ல வேண்டும். பிளஸ் நெடுஞ்சாலையாயின் 1800-88-0000 என்ற எண்ணில் உதவி கோரலாம்.

வீட்டுச் சோதனை, மகிழுந்தை ஓட்டக்கூடாது என்பதை நமக்குச் சொல்ல முடியும். ஓட்டலாம் என்று உறுதி கூற அதனால் முடியாது. அவ்வுறுதியைத் தக்க கருவிகொண்டு சோதித்த பட்டறையிடமிருந்தே பெற வேண்டும். இழுவை வண்டிக்குக் கொடுக்கும் கட்டணத்தை வீண்செலவு என எண்ணலாகாது.