ஜீப்பின் கூரை எங்கே ஒழுகுகிறது?

கொடைக்கானலை அடுத்த அட்டுவம்பட்டி, வில்பட்டிப் பக்கம் ஐப்பசி மழை பிடித்துக்கொண்டால் லேசில் விடாது. கழற்றி மாட்டும் கூரையுள்ள ஜீப் வைத்திருப்பவர்களுக்கு அது சோதனைக் காலம்.

மகிந்திரா நிறுவனம் 1940-களின் பிற்பகுதியில் இந்தியாவில் வில்லிஸ் ஜீப்புகளைப் பூட்டத் தொடங்கியபோது அவற்றுக்குக் கேன்வாஸ்தான் கூரை. 2020-இல் வந்த அந்நிறுவனத்தின் புதிய ‘தார்’ வண்டியிலும் மடக்கும் கூரை வகை வந்தது. சாதாரணக் காரின் கூரை, பாடியோடு பற்றவைத்த தகடு. கழற்றும் கூரையில் அந்த வசதி இல்லை. கொண்டியும் போல்ட்டும் இறுக்க, நடுவில் நசுங்கும் ரப்பர் பீடிங்தான் மழையைத் தடுக்கிறது. வெயில் பட்டு ரப்பர் விறைத்து, நசுங்கியபடியே நின்றுவிட்டால் இடுக்கு விழும். பருத்திக் கேன்வாஸ் நனைந்தால் நூல் உப்பி நெசவுத் துளைகளை அடைத்துக்கொள்ளும். தையலின் ஊசித்துளைகள் வழியாகத்தான் அது பெரும்பாலும் கசியும்.

சொட்டும் இடத்தில் பசையை அப்பிப் பயனில்லை. எங்கோ நுழைந்த நீர், கூரைக் கம்பியைப் பற்றி ஊர்ந்து வேறெங்கோ சொட்டும். மலைப்பாதையில் இது இன்னும் குழப்பம்: ஏற்றத்தில் தண்ணீர் பின்பக்கம் ஓடும், இறக்கத்தில் முன்கண்ணாடிச் சட்டத்துக்கு வரும். அதனால் சமதளத்தில் ஒழுகாத வண்டியைச் சரிவில் இருபுறமும் திருப்பி நிறுத்திப் பார்க்க வேண்டும். ஒருவர் டார்ச்சுடன் உள்ளே உட்கார, மற்றவர் ஹோஸ் பைப்பால் கீழிருந்து மேலாக ஒவ்வொரு இணைப்பாக நனைக்கலாம். மேலிருந்து தொடங்கினால் எல்லா இணைப்பும் ஒன்றாக நனைந்து, எது ஓட்டை என்றே தெரியாது.

சந்தேகமான இடத்தில் துண்டுக் காகிதத்தை வைத்துக் கூரையைப் பூட்டி இழுத்துப் பாருங்கள். தடையின்றி வந்தால் அங்கே பீடிங் அழுந்தவில்லை. அழுக்கென்றால் சோப்புத் தண்ணீரில் கழுவி, காய்ந்ததும் சிலிக்கான் கிரீஸ் தடவலாம். சாதாரண கிரீஸ் பலவகை ரப்பரை ஊத வைத்துவிடும். விறைத்த பீடிங்கை மாற்றுவதே வழி. போல்ட்டுகளை ஒரே மூச்சில் முறுக்காமல், எல்லாவற்றையும் கொஞ்சம் கொஞ்சமாகச் சீராக இறுக்க வேண்டும்.

குளிர்ந்த காலையில் கூரையின் உட்புறம் முழுக்கப் பரவலாகத் துளிகள் நின்றால் அது ஒழுகலாக இருக்காது. மூச்சுக்காற்றின் ஈரம் குளிர்ந்து படிந்ததாக இருக்கும். கண்ணாடியைச் சற்று இறக்கிவிட்டால் குறையும்.

உள்ளே வந்துவிட்ட நீர் வடிய, இரண்டாம் உலகப் போர்க்கால வில்லிஸ் ஜீப்பின் தரையிலேயே துளை வைத்தார்கள். புதிய தாரிலும் வடிகால் மூடி உண்டு. மழைக்கு முன் மிதியடியைத் தூக்கி, வடிகாலில் அடைத்த சேற்றையும் நோண்டி எடுத்துவிடுங்கள்.