காவலனுக்கும் காவல் வேண்டும்

கொத்தளம் என்பது கோட்டை மதிலின் காவல் முனை. கருப்பர் நகரத்தைச் சூழ்ந்திருந்த பழைய மதிலின் ஒரு பகுதி வடசென்னையில் மாடிப் பூங்காவாக இன்றும் நிற்கிறது. மூலக்கொத்தளத்தின் பெயரே அக்காலத்துக் காவலை நினைவூட்டுவது. இன்று கடை வாசலிலும் குடியிருப்புகளின் மாடிப்படியிலும் அக்காவலைக் காமிராக்கள் ஏற்றிருக்கின்றன. அவற்றால் பயனில்லை என்று நாம் சொல்லவில்லை. பொதுக் கட்டடங்களில் அவற்றை வைக்க வேண்டுமென்று தமிழ்நாட்டில் 2012-லேயே விதி செய்யப்பட்டது. ஆனால், காவலனை நியமித்தவர்கள் அவனைப் பற்றிக் கேட்கவேண்டியவற்றைக் கேட்டார்களா?

முதற் கேள்வி, சாவி யாரிடம் இருக்கிறது என்பது. காமிராவுடன் வரும் பாஸ்வர்டு உலகமறிந்தது. அதை மாற்றாமல் விடுவது பூட்டிலேயே சாவியைத் தொங்கவிடுவதற்கு ஒப்பாகும். 2016-ல் 'மிராய்' என்ற நச்சு நிரல், இத்தகைய அறுபதுக்கு மேற்பட்ட பாஸ்வர்டுகளைக் கொண்டே பல நாடுகளிலும் காமிராக்களைத் தன்வசப்படுத்தி, அக்டோபர் 21 அன்று அமெரிக்காவில் பெரிய இணையதளங்களை முடக்கியது. உடையவர்களோ தங்கள் காமிரா செய்த சேவகத்தை அறியவேயில்லை!

கைப்பேசியில் பார்க்கும் வசதிக்காக ரவுட்டரின் கதவை இண்டர்நெட்டுக்கு நேரே திறந்து விடலாமா என்பது இரண்டாவது. கூடாது என்பதே நமது பதில். தயாரிப்பாளர் வெளியிடும் திருத்தங்களை அவ்வப்போது ஏற்றுவதும் அவசியம். ராஜ்கோட்டில் ஒரு பிரசவ ஆஸ்பத்திரியில் ஸ்திரீகளைப் பரிசோதித்த காட்சிகள் அந்நியர் கைப்பட்டு விலைக்கு விற்கப்பட்டது 2025 பிப்ரவரியில் வெளிப்பட்டது. அந்த அவமானத்தை எந்த நஷ்டஈடு துடைக்கும்?

காமிரா எங்கே நோக்கவேண்டும்? நம் வாசலை; அண்டை வீட்டு ஜன்னலையன்று. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று சுப்ரீம் கோர்ட்டின் ஒன்பது நீதிபதிகளும் 2017 ஆகஸ்ட் 24-ல் ஏகமனதாகத் தீர்ப்பளித்தனர். குடிசை மாற்றுக் குடியிருப்பின் ஓரறை வீட்டிலும் அவ்வுரிமை மாளிகைக்குக் குறைந்ததன்று.

கோர்ட்டில் அது சாட்சியாகுமா? கடிகாரம் பிசகிய காமிராவைக் குறுக்கு விசாரணை எளிதில் வீழ்த்திவிடும். 2024 ஜூலை முதல் அமலிலுள்ள பாரதிய சாட்சிய சட்டத்தின் 63-வது பிரிவுப்படி, பிரதியெடுத்த பதிவுடன் அத்தாட்சிப் பத்திரமும் வேண்டும். பெட்டி நிரம்பினால் பழைய படம் தானே அழியும். ஆகையால் சம்பவம் நடந்தவுடன் பிரதியெடுப்பதே விவேகம்.

பாஸ்வர்டு யாரிடம், பதிவைப் பார்க்கும் அதிகாரம் யாருக்கு, எத்தனை நாள் வைப்பது: இம்மூன்றையும் குடியிருப்போர் சங்கங்கள் பொதுக்கூட்டத்தில் தீர்மானித்து, விளம்பரப் பலகையில் எழுதி வைக்கட்டும். நாம் அறியாமல் நம்மைப் பார்க்கும் கண், காவற்கண் அன்று. வேவுக் கண்ணே ஆகும்.