பம்பாய்க் கிரிக்கெட் சங்கங்களில் இனப்பிரிவும் கலப்பும்

பிறப்பினால் வரும் உறவு வேறு. விரும்பிச் சேரும் சங்கத்தினால் வரும் உறவு வேறு. பின்னையது முன்னையதன் வரம்பைக் கடக்க இடந்தரும் என்பது பொதுவான எதிர்பார்ப்பு. அஃது எத்துணை மெய்யாகும் என்பதைப் பம்பாய் நகரத்துக் கிரிக்கெட் சங்கங்களைக் கொண்டு ஈண்டு ஆராய்வாம். விளையாட்டுச் செய்தி இலக்கிய மாணவர்க்கு எற்றுக்கு எனின், சாதியும் சமயமும் நம் ஆய்வுக்குப் புறம்பானவை அல்ல என்பதே விடையாகும்.

பார்சிகள் 1848-இலேயே ஓரியண்டல் கிரிக்கெட் சங்கத்தை நிறுவினர். 1875-இல் ஐரோப்பியர் அமைத்த பம்பாய் ஜிம்கானாவில் இந்தியர் உறுப்பினராதல் இயலாது. ஐரோப்பியரின் போலோக் குதிரைகள் பொதுத்திடலின் புல்தரையைக் கெடுத்தபோது, பார்சிகள் அரசினரிடம் முறையிட்டனர். பின்னர்ப் பார்சிகளும் இந்துக்களும் முஸ்லிம்களும் தத்தம் பெயரால் கடற்கரையோரம் தனித்தனி ஜிம்கானா அமைத்துக்கொண்டனர். அணிகளும் அவ்வாறே பிரிந்தன. ஐரோப்பியரும் பார்சிகளும் ஆடிய போட்டியில் 1907-இல் இந்துக்களும், 1912-இல் முஸ்லிம்களும் சேர்ந்தனர். 1937-இல் கிறித்தவர், யூதர் முதலியோரைத் தொகுத்து 'மற்றையோர்' என ஐந்தாம் அணி ஒன்று வகுக்கப்பட்டது. எஞ்சியவற்றை அடக்கத் தொல்காப்பியர் எச்சவியல் கண்டது நினைவுக்கு வருகின்றது. அவ்வெச்ச அணிக்காக ஆடிய விஜய் ஹசாரே, 1943-இல் அணி எடுத்த 387 ஓட்டங்களுள் 309-ஐத் தாம் ஒருவரே எடுத்தார்.

இங்ஙனம் புறத்தே சுவர் எழுந்தது. அச்சுவருக்குள் நிகழ்ந்ததே நாம் கருதற்பாலது. பல்வங்கர் பாலு என்பார் தீண்டத்தகாதார் என ஒதுக்கப்பட்ட தோல்தொழிலாளர் வகுப்பிற் பிறந்தவர். இடக்கைச் சுழற்பந்து வீச்சில் வல்லவர். புனா நகரத்து ஐரோப்பியர் சங்கத்தில் திடல் பேணும் ஊழியராய் இருந்து, அவர்தம் பயிற்சிக்குப் பந்து வீசியே தேர்ச்சி பெற்றார். ஐரோப்பியரை வெல்ல விரும்பிய புனா இந்துக்கள் அவரைத் தம் அணியிற் சேர்த்தனர். அவர் தொட்ட பந்தைக் களத்தில் ஏனையோரும் தொட்டனர். ஆயின், தேநீர் வேளையில் அவருக்கு மண்டபத்துக்கு வெளியே தனி மண்கலத்தில் தேநீர் வழங்கப்பட்டது. பம்பாய்க்குச் சென்றபின்னரே, காலப்போக்கில், அணியினர் அவருடன் அமர்ந்து உண்டனர். 1911-இல் இங்கிலாந்து சென்ற இந்திய அணியில் அவர் வீழ்த்திய விக்கெட்டுகள் 114.

இத்துணைப் புகழுடையாரும் இந்து அணிக்குத் தலைவராக அமர்த்தப்பெற்றிலர். 1920-இல் தம்பியர் இருவர் அணியிலிருந்து விலகி நின்று வழக்குரைத்தபின் துணைத்தலைமை கிடைத்தது. தலைமையோ 1923-இல் தம்பி விட்டலுக்கே வாய்த்தது. அவர்தம் தலைமையில் இந்துக்கள் அவ்வாண்டு வெற்றியும் பெற்றனர்.

ஆதலின், கலப்பு என்னும் ஒரு சொல்லால் இவை அனைத்தையும் சுட்டுதல் பொருந்தாது. களத்தில் உடன் ஆடுதல் எளிதில் அமைந்தது; பந்தியில் உடன் உண்ணுதல் பிற்பட்டது; ஒருவன் ஆணைக்குக் கீழ்ப்படிதல் அதனினும் பிற்பட்டது. பிற சமூகத்தாரை வெல்லவேண்டும் என்னும் வேட்கையே அகத்துத் தடையைத் தளர்த்தியது என்க. இதனைச் சாதியொழிப்பு எனப் பாராட்டுவார் கூற்று எமக்கு உடன்பாடன்று. உயர்த்தப்பட்ட வகுப்பினருள் நடுத்தர ஆட்டக்காரர்க்கும் திறந்திருந்த கதவு, ஒதுக்கப்பட்ட வகுப்பினருள் ஒப்பற்ற ஆட்டக்காரர்க்கே திறந்தது. பாலு 1932-இல் புனா ஒப்பந்தத்தில் இரட்டைமலை சீனிவாசன், எம். சி. ராஜா ஆகியோருடன் கையொப்பமிட்டவர் என்பதும், 1937 தேர்தலில் அம்பேத்கரை எதிர்த்துத் தோற்றவர் என்பதும் தனியே விரித்து ஆராயத்தக்கவை.

சமூகவழி அணிப்பிரிவைக் காந்தியடிகள் 1940-இல் வெளிப்படையாக மறுத்தார்; 1946-உடன் அப்போட்டி நின்றது. சென்னையின் நெறி வேறு. இங்கும் ஐரோப்பியர்க்கெனச் சென்னைக் கிரிக்கெட் சங்கம் இருந்தது. அதற்கு எதிராகப் புச்சிபாபு நாயுடு 1888-இல் ஐக்கிய சங்கம் கண்டார். ஆயினும், ஆண்டுதோறும் நிகழ்ந்த மாகாணப் போட்டியில் ஐரோப்பியரை எதிர்த்தோர் சமயவாரியாகப் பிரியாது, இந்தியர் என்னும் ஓரணியாகவே நின்றனர். ஒருவேற்றுமை மட்டும் எஞ்சியது. அதுவே பெரிய வேற்றுமை எனலும் ஆம்.

சமூகத்தை விடுத்து நிலப்பகுதியை அடிப்படையாகக் கொண்ட ரஞ்சிக் கோப்பையின் முதல் ஆட்டம் 1934 நவம்பர் 4-இல் சேப்பாக்கத்தில் நிகழ்ந்தது. சென்னை அணி மைசூரை ஒரே நாளில் வென்றது. அவ்வாட்டத்தில் சென்னைக்காகப் பதினொரு விக்கெட்டுகளை வீழ்த்திய ஏ. ஜி. ராம்சிங் சென்னை வாழ் சீக்கியர்.