ஆறாம் வகுப்பு வயிற்றுவலி

பள்ளி திறந்து பத்து நாள் ஆகியிருக்கும். மூங்கில்துறைப்பட்டு பஸ் நிறுத்தத்தில் காலை எட்டு மணிக் கூட்டம். டீக்கடை பெஞ்சின் ஓரத்தில் ஒரு சிறுமி. அடுத்த வருஷத்துக்கும் ஆகட்டும் என்று அளவு கூட்டித் தைத்த சீருடை, தோளிலிருந்து வழுக்கிக்கொண்டே இருக்கும் பை. பக்கத்தில் அவள் ஆயா.

“வயிறு வலிக்குது ஆயா.”

“நேத்தும் இதான் சொன்ன. அதுக்கு மொதநாளும் இதான். ஞாயித்துக்கெழம மட்டும் எங்கடி போச்சு அந்த வலி? நாள் முழுக்க மாமரத்து மேலதான இருந்த?”

டீக்கடைக்காரர் சோடாவை உடைக்கப் போனார். முறுக்குக் கூடையோடு நின்ற அம்மாள், “தொக்கம் விழுந்திருக்கும், சாயந்திரம் எடுத்துட்டு வந்துடுங்க” என்றார். பஸ் வந்தது. ஒரு கை வயிற்றில், ஒரு கை கம்பியில் என்று அவள் ஏறிப் போனாள்.

ஆயா கேலியாகக் கேட்டதைத்தான் குழந்தை மருத்துவரும் முதலில் கேட்பார்: லீவு நாளில் வலிக்கிறதா? அவர் கேலியாகக் கேட்கமாட்டார், அவ்வளவுதான் வித்தியாசம்.

வலி நிஜம்தான்

ஞாயிறு வராமல் திங்கள் காலை மட்டும் வரும் வலியை நாம் ‘நடிப்பு’ என்று தள்ளிவிடுகிறோம். பெரும்பாலும் அது நடிப்பு இல்லை. குடலுக்குள் கோடிக்கணக்கான நரம்பு செல்கள் இருக்கின்றன. மூளைக்கும் அவற்றுக்கும் ஓயாமல் சேதி போய்வருகிறது. பயமோ பதற்றமோ வந்தால் குடலின் அசைவு மாறும், சாதாரண இறுக்கம்கூட வலியாகத் தெரியும். பரீட்சை அன்று பெரியவர்களுக்கே கக்கூஸ் பக்கம் கால் போகிறது இல்லையா, அதே சங்கதிதான். பதினொரு வயதுப் பிள்ளைக்கு ‘எனக்குப் பதற்றமாக இருக்கிறது’ என்று சொல்லத் தெரியாது. வயிறு சொல்லிவிடுகிறது.

தொக்கம் எடுப்பவரிடம் போவது வடமாவட்டங்களில் பழகிப்போன விஷயம். குழாயை வைத்து ஊதி, உறிஞ்சி, உள்ளே சிக்கியிருந்த சோற்றுப் பருக்கை என்று எதையோ எடுத்துக் காட்டுவார்கள். வயிற்றுக்குள் நாள்கணக்காக ஒரு பருக்கை சிக்கிக் கிடக்க வழியே இல்லை. ஆனாலும் சில பிள்ளைகள் அதன்பின் இரண்டு நாள் வலி இல்லை என்பார்கள். ஆயா கையைப் பிடித்துக்கொண்டு நடந்து போனது, வழியில் ஒரு ஐஸ் வாங்கித் தந்தது, வீடே தன்னைக் கவனித்தது எல்லாம் சேர்ந்து செய்த வைத்தியமாக இருக்கலாம். அந்தக் கவனிப்பைத் தொக்கம் இல்லாமலேயே கொடுக்கலாம் என்பதுதான் என் கட்சி.

காலைச் சோறு எங்கே போனது?

நம் ஊர் ஏற்பாட்டில் தொடக்கப்பள்ளி ஐந்தாம் வகுப்போடு முடிகிறது, நடுநிலைப்பள்ளி எட்டோடு. ஆகவே பெரிய பள்ளிக்கு மாறுவது ஆறிலோ ஒன்பதிலோ நடக்கும். ஆறில் மாறும் பிள்ளைக்கு ஒரு இழப்பு உண்டு. பெற்றோர் பலர் அதைக் கணக்கில் எடுப்பதில்லை.

2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கி, 2023 ஆகஸ்ட் 25 முதல் மாநிலம் முழுக்க அரசுத் தொடக்கப்பள்ளிகளுக்கு விரிந்த முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம், 1 முதல் 5 வரை படிக்கும் பிள்ளைகளுக்கென்று வரையப்பட்டது. உப்புமா, கிச்சடி, பொங்கல் என்று நாளுக்கொன்றாகச் சாம்பாரோடு சாப்பிட்டுப் பழகிய வயிறு அது. வீட்டிலும் காலையில் உலை வைக்கும் வேலை குறைந்து, அந்த நேரம் வேறு வேலைக்குப் போய்விட்டது. ஐந்தாம் வகுப்பைத் தாண்டியதும் மதியச் சத்துணவு தொடர்கிறது, காலைத் தட்டு மட்டும் காணாமல் போகிறது. வீட்டு வழக்கமோ பழையபடியே ஓடுகிறது.

மூங்கில்துறைப்பட்டில் கள்ளக்குறிச்சி-1 கூட்டுறவுச் சர்க்கரை ஆலை இருக்கிறது. அரவைப் பருவத்தில் கரும்பு வெட்டப் போகிறவர்கள் விடிவதற்குள் கிளம்பிவிடுவார்கள். பிள்ளை தானே எழுந்து, ஒரு டீயும் பன்னுமாக பஸ் ஏறும். ராத்திரி எட்டு மணிக்குச் சாப்பிட்டது, அடுத்த சோறு மதியம் பன்னிரண்டே முக்காலுக்கு. பதினாறே முக்கால் மணி நேரம். மூன்றாவது பீரியடில் கணக்கு ஏறவில்லை என்றால் பிள்ளையின் மூளையையா குறை சொல்வது?

இதற்குப் புதிதாக எதையும் கற்க வேண்டாம். முதல் நாளே கரைத்து வைத்த கேழ்வரகுக் கூழ், மோர் ஊற்றிய பழைய சோறும் வேர்க்கடலைத் துவையலும், அவித்த முட்டை. பிள்ளையே எடுத்துச் சாப்பிடும்படி மூடி வைத்துவிட்டுப் போனால் போதும். டீயை மட்டும் சாப்பாட்டோடு சேர்க்க வேண்டாம். உணவில் உள்ள இரும்புச்சத்து உடம்பில் சேர்வதை அது தடுக்கும். “காலையில எனக்கு எறங்காது” என்கிற பிள்ளைக்கு ஒரு வேர்க்கடலை உருண்டையைப் பையில் போட்டு அனுப்பலாம், பஸ்ஸில் இறங்கும்.

தண்ணீர் பாட்டில் நிரம்பியே திரும்பினால்

சாயந்திரம் பையைத் திறந்ததும் மதிப்பெண் தேடாமல் தண்ணீர் பாட்டிலைப் பாருங்கள். காலையில் நிரப்பியது அப்படியே இருந்தால் உங்கள் பெண் பள்ளியில் கழிப்பறைக்குப் போகவில்லை என்று அர்த்தம். தாழ்ப்பாள் இல்லை, தண்ணீர் வரவில்லை, பெரிய வகுப்புப் பெண்கள் நிற்கிறார்கள், டீச்சரிடம் கேட்க வெட்கம் என்று ஏதோ ஒரு காரணம் இருக்கும். போகாமல் இருப்பதற்குச் சுலபமான வழி குடிக்காமல் இருப்பது. அடக்கி அடக்கி மலச்சிக்கல் வரும், சிறுநீர்த் தொற்று வரும். பிள்ளைகளுக்கு அடிக்கடி வரும் வயிற்றுவலிக்கு மலச்சிக்கல் ஒரு முக்கியக் காரணம். ஆண் பிள்ளைகளும் இதில் விலக்கு இல்லை.

காலையில் பஸ்ஸுக்கு ஓடுவதற்குப் பத்து நிமிஷம் முன்னால், சாப்பிட்ட கையோடு, கழிப்பறையில் உட்காரும் பழக்கத்தை வீட்டில் கொண்டுவரலாம். பள்ளிக் கழிப்பறை பற்றிப் பேசவும் ஒரு இடம் இருக்கிறது. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டப்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர்தான் இருக்க வேண்டும், பாதிப் பேர் பெண்கள். அந்தக் கூட்டத்துக்குப் போய் டீ பிஸ்கட்டோடு திரும்பி வந்துவிடாமல், தாழ்ப்பாள் எங்கே என்று கேட்கலாம்.

பல பெண் பிள்ளைகள் இந்த வயதில்தான் வயதுக்கு வருகிறார்கள். பெண்களுக்குப் பருவ மாற்றம் 8 முதல் 13 வயதுக்குள்ளும் ஆண்களுக்கு 9 முதல் 14 வயதுக்குள்ளும் தொடங்குவது இயல்பு. முதல் ரத்தத்தைப் பள்ளிக் கழிப்பறையில் தனியாகப் பார்த்து நடுங்கக் கூடாது என்றால், அம்மாவோ அத்தையோ முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டும். பையின் சின்ன அறையில் ஒரு நாப்கினும் ஒரு மாற்று உள்ளாடையும் இருக்கட்டும். ‘புதுயுகம்’ திட்டத்தில் 10 முதல் 19 வயதுப் பெண்களுக்கு நாப்கின் இலவசம். மஞ்சள் நீராட்டு தாராளமாக நடக்கட்டும், மைக்செட்டும் கட்டட்டும். ஆனால் பதினாறு நாள் வீட்டோடு உட்கார வைத்தால், திரும்பிப் போகும்போது வகுப்பு பின்னத்தைத் தாண்டி எங்கேயோ போயிருக்கும். பயம் அங்கேதான் ஆரம்பிக்கும். அப்புறம் மறுபடி வயிற்றுவலி.

ஒரு டீச்சர் ஆறு டீச்சரான கதை

ஐந்தாம் வகுப்பு வரை ஒரு டீச்சர். தரையில் வட்டமாக உட்கார்ந்து அட்டை, பாட்டு, விளையாட்டு. பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் டீச்சருக்குத் தெரியும், ஆயாவின் பெயர்கூடத் தெரியும். ஆறாம் வகுப்பில் மணி அடிக்கும்தோறும் ஆள் மாறுகிறார். ஒருவர் கோடு போட்ட நோட்டில் எழுதச் சொல்வார், ஒருவர் போடாததில். பள்ளியிலேயே பெரிய ஆளாக இருந்த பிள்ளை ஒரே கோடை விடுமுறையில் பள்ளியிலேயே சின்ன ஆளாகிவிடுகிறது.

இதை அமெரிக்க உளவியலாளர் ஜாக்குலின் எக்கிள்ஸும் உடன் ஆய்வாளர்களும் 1993இல் எழுதிய ஒரு கட்டுரையில் அழகாகப் பிடித்தார்கள். வளரிளம் பருவத்தில் நுழையும் பிள்ளைக்கு வீட்டுக்கு வெளியே நம்பகமான ஒரு பெரியவர் தேவைப்படுகிறார். சரியாக அந்த நேரத்தில்தான் பள்ளி பெரிதாகி, முகம் தெரியாததாகிவிடுகிறது என்பது அவர்கள் வாதம். அதனால் பெற்றோர் செய்யக்கூடியது ஒன்று: முதல் மாதத்துக்குள் ஒருமுறை பள்ளிக்குப் போய் வகுப்பாசிரியரைப் பார்ப்பது. புகார் எதுவும் இல்லாதபோதே போவது. “புள்ள கொஞ்சம் கூச்சப்படும் சார், பாத்துக்குங்க” என்ற ஒரு வரி போதும், அந்தப் பெயருக்கு அவர் மனதில் ஒரு முகம் வந்துவிடும்.

ராத்திரியே கால அட்டவணை பார்த்துப் பையை அடுக்குவதும் உதவும். பையின் எடை பிள்ளையின் எடையில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. முப்பது கிலோ பிள்ளைக்கு மூன்று கிலோ. தூக்கம் 12 வயது வரை 9 முதல் 12 மணி நேரம் வேண்டும். ஆறு மணிக்கு எழ வேண்டிய பிள்ளை ஒன்பதுக்குள் படுக்க வேண்டும், போன் வேறு அறையில் படுக்க வேண்டும்.

இன்னொரு பாரம் பையில் தெரியாது. 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத இடம் என்று 2020இல் சட்டம் வந்தது. நல்ல சட்டம். அதைக் காரணம் காட்டி ஆறாம் வகுப்பு முதல் நாளே “நீட்டு எழுதணும், டாக்டராவணும்” என்று ஆரம்பிக்கும் சித்தப்பாக்களைக் கொஞ்ச நாள் வாசலிலேயே உட்கார வைக்கலாம்.

பெரிய பள்ளியில் சுற்றுவட்டாரத்து வடபொன்பரப்பியும் மேல்சிறுவள்ளூரும் பிரம்மகுண்டமும் ஒரே பெஞ்சில் உட்காரும். ஊர்த்தெருவும் காலனியும் உட்காரும். ஒரு பிள்ளை தன் சாதிப் பெயரை வசையாக முதல்முறை கேட்பது பலநேரம் இங்கேதான். வந்து சொன்னால் “கண்டுக்காத” என்று மூடிவிடாதீர்கள். அடுத்த முறை எதையுமே சொல்லாது. தலைமையாசிரியரிடம் பேசித் தீராவிட்டால் பள்ளிக் கல்வித்துறையின் 14417, குழந்தைகளுக்கான 1098 இரண்டும் இருக்கின்றன.

நீல மாத்திரை

பத்து வயதுக்கு மேல் பள்ளியில் வாரம் ஒருமுறை தரும் நீல நிற மாத்திரை இரும்பும் ஃபோலிக் அமிலமும்தான். வெறும் வயிற்றில் போட்டால் குமட்டும், வயிறு பிசையும். ‘மாத்திரையால்தான் வலி’ என்ற பேச்சு அங்கிருந்து கிளம்புகிறது. சத்துணவு சாப்பிட்டபின் போட்டால் பெரும்பாலும் தொல்லை இல்லை. மலம் கறுப்பாகப் போவது இயல்பு. பூச்சி மாத்திரை (அல்பெண்டசோல்) ஆண்டுக்கு இருமுறை, மென்று தின்பது. பத்து வயதில் போட வேண்டிய டிடி தடுப்பூசி விட்டுப்போயிருந்தால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் போட்டுவிடுங்கள்.

வீட்டுக்குள் இருக்கும் காரணம்

எல்லா வயிற்றுவலிக்கும் பள்ளி பொறுப்பல்ல. ராத்திரி குடித்துவிட்டு வரும் அப்பா, பாத்திரம் பறக்கும் சத்தம், காலையில் அம்மாவின் வீங்கிய முகம். இவற்றை விட்டுவிட்டுப் பள்ளிக்குப் போகவும் ஒரு பிள்ளைக்குப் பயமாக இருக்கும். நான் இல்லாதபோது அம்மாவுக்கு என்ன ஆகுமோ என்று. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் கள்ளச்சாராயம் அறுபதுக்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்த மாவட்டம் இது. இங்கே இந்தக் கேள்வியை நாசூக்குக்காகத் தவிர்க்க முடியாது. பெரியவர்களும் பிள்ளைகளும் மனநல ஆலோசனைக்கு 14416க்குப் பேசலாம், கட்டணம் இல்லை.

வீட்டைப் பிரிந்து படிக்கும் மலைப் பிள்ளைகளுக்கு வேறு கணக்கு. கல்வராயனில் பல பிள்ளைகள் உண்டு உறைவிடப் பள்ளிகளில் படிக்கிறார்கள். வெள்ளிமலையில் உள்ள ஏகலைவா பள்ளியில் வகுப்பே ஆறிலிருந்துதான் ஆரம்பம். பதினொரு வயதில் வீட்டைவிட்டு விடுதி. முதல் மாதம் அழுகையும் வயிற்றுவலியும் வருவது சகஜம். இன்ன கிழமை வருவேன் என்று சொன்னால் அந்தக் கிழமை போய்விட வேண்டும். வராமல் போவதைவிட, வருவதாகச் சொல்லி வராமல் போவது பிள்ளையை உடைக்கும்.

எப்போது ஓட வேண்டும்

வலி தூக்கத்திலிருந்து எழுப்பினால், தொப்புளிலிருந்து வலப்பக்கம் கீழே நகர்ந்து அங்கேயே நின்றால், காய்ச்சலோ நிற்காத வாந்தியோ சேர்ந்தால், மலத்தில் ரத்தம் தெரிந்தால், எடை குறைந்தால், சிறுநீர் போகும்போது எரிந்தால் மனசு, பயம் என்று காத்திருக்கக் கூடாது. சோடா, ஓமத் தண்ணீர், தொக்கம் எதுவும் வேண்டாம். அன்றைக்கே ஆஸ்பத்திரி. குடல்வால் அழற்சியில் ஒரு நாள் தாமதம்கூட ஆபத்து.

அப்படி எதுவும் இல்லாமல் பள்ளி நாளில் மட்டும் வந்து போகும் வலி என்றால் ஒருமுறை மருத்துவரிடம் காட்டிவிட்டு, பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்புவதே நல்லது. “வலிக்குதுன்னு தெரியும், போயிட்டு வா, சாயந்திரம் பேசலாம்” என்று சொல்லி அனுப்பலாம். வீட்டில் வைத்துக்கொள்ளும் ஒவ்வொரு நாளும் அடுத்த நாளைக் கடினமாக்கும்.

யாரோட சாப்ட்ட?

சாயந்திரம் “இன்னிக்கு என்ன படிச்ச?” என்று கேட்டால் “ஒண்ணுமில்ல” என்று வரும். அந்தக் கேள்வியால் இதுவரை யாருக்கும் பதில் கிடைத்ததாகத் தெரியவில்லை. “மத்தியானம் யாரோட உக்காந்து சாப்ட்ட?” என்று கேட்டுப் பாருங்கள். தனியாகச் சாப்பிட்டேன் என்று இரண்டு வாரம் தொடர்ந்து வந்தால் வகுப்பாசிரியரைப் பார்க்க வேண்டிய நேரம்.

ஜூலையில் ஒரு சாயந்திரம் அதே டீக்கடையில் அந்த ஆயாவைப் பார்த்தேன். பஸ்ஸிலிருந்து பேத்தி இறங்கியதும் பையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டார்.

“யாருகூட சாப்ட்ட இன்னிக்கு?”

“ஒரு புள்ள ஆயா. மேல்சிறுவள்ளூராம். அவளுக்கு மஞ்சக்கரு புடிக்காதாம், எனக்குக் குடுத்துட்டா.”

“நீ என்னா குடுத்த?”

“வெள்ளக்கரு.”