சிற்றறையும் ஒளியும்

மும்பை மாநகரின் வொர்லி, நைகாம் முதலிய பகுதிகளில் 1920களில் தொழிலாளர்களுக்கெனப் பல அடுக்குக் குடியிருப்புகள் எழுந்தன. 'சால்' எனப்படும் அவற்றில் ஒரு குடும்பத்திற்குக் கிடைத்த அறையின் பரப்பு 160 சதுர அடி. சமையல், படிப்பு, உறக்கம், விருந்தோம்பல் யாவும் அந்த ஓர் அறைக்குள்ளேயே நடந்தன. தமிழர் பலர் வாழும் தாராவியில் இதனினும் சிறிய அறைகள் உண்டு. சுவரை இடித்து அறையை விரிவாக்குதல் இயலாது. ஆனால், அது விரிந்ததுபோல் தோன்றச் செய்ய இயலும். அதற்குத் துணைபுரிவது ஒளி.

ஓர் அறையின் அளவைக் கண் எவ்வாறு அறிகிறது? சுவர்களும் மூலைகளும் எங்கே முடிகின்றன என்பதைக் கண்டே, 'இவ்வறை இவ்வளவு பெரியது' என மனம் முடிவு செய்கிறது. மூலை இருண்டிருந்தால் கண் அதுவரை செல்வதில்லை. வெளிச்சம் நிற்கும் இடத்திலேயே அறையும் முடிந்துவிட்டதுபோல் தோன்றுகிறது.

நடுவில் ஒரே ஒரு குமிழ்விளக்கு தொங்கும் அறையில் நிகழ்வது இதுவே. விளக்கிலிருந்து இருமடங்கு தொலைவு சென்றால், நேராக வந்து விழும் ஒளியின் செறிவு நான்கில் ஒரு பங்காகிவிடும். அலமாரியின் நிழலும் சேர்ந்துகொண்டால் மூலைகள் மேலும் இருளும். உடனே பலர் இன்னும் பெரிய விளக்கை வாங்கி மாட்டுவர். அதனால் கண் கூசுமே தவிர, நிழல் அகலாது. ஒரே விளக்கின் ஒளியை இரண்டு மூன்று இடங்களுக்குப் பகிர்ந்தளிப்பதே தக்க வழி. 9 வாட் எல்.இ.டி. விளக்கு ஒன்று, பழைய 60 வாட் குண்டு விளக்கின் அளவுக்கு ஒளி தரும். ஆகவே, அதற்கு மாற்றாக 5 வாட் விளக்குகள் இரண்டைப் பொருத்தினாலும் மின்கட்டணம் பெரிதாக உயராது.

அவற்றை எங்கே வைப்பது என்பதுதான் முதன்மையான வினா. இரவில் அறையை இருளாக்கிவிட்டு, கைவிளக்கின் ஒளியைத் தரையை நோக்கிச் செலுத்துக. தரையில் ஒரு வட்டம் மட்டும் ஒளிரும். அதே ஒளியை வெண்மையான மேற்கூரையை நோக்கித் திருப்பினால், அறை முழுவதும் மெல்லொளி பரவும். வெள்ளைச் சுவர் தன்மீது விழும் ஒளியில் ஏறத்தாழ 80 விழுக்காட்டைத் திருப்பி அனுப்புகிறது. அடர்நிறச் சுவரோ பெரும்பகுதியை விழுங்கிவிடுகிறது. எனவே, வெளிர்நிறச் சுவரையும் கூரையையும் நோக்கிய விளக்கே சிற்றறைக்கு ஏற்றது. வாடகை வீட்டில் சுவரைத் துளைக்க உரிமையாளர் இசைவதில்லை. அங்கே அலமாரியின்மேல், கூரையைப் பார்த்தவாறு ஒரு கவ்விவிளக்கை வைத்தாலே போதும்.

பழைய தமிழகத்து வீடுகளில் அகல்விளக்கை வைக்கச் சுவரிலேயே மாடக்குழி அமைத்தனர். சுடருக்குப் பின்னிருந்த சுண்ணாம்புச் சுவர் அச்சிறு ஒளியை அறைக்குள் திருப்பி அனுப்பியது. கரி படிந்தது என்னவோ உண்மைதான்!

ஆடியும் இப்பணிக்கு உதவும். சமதள ஆடியில் பிம்பம், பொருள் ஆடிக்கு முன்னால் எவ்வளவு தொலைவில் உள்ளதோ, அதே தொலைவு பின்னால் தோன்றும். ஆகவே, சன்னலுக்கு எதிர்ச்சுவரில் ஆடியை மாட்டினால் பகலொளி பெருகுவதோடு, சுவருக்கு அப்பாலும் ஓர் அறை இருப்பதுபோல் தோன்றும். துணிக்குவியலுக்கு எதிரே மாட்டினாலோ, இரண்டு குவியல்கள் தென்படும். ஜெய்ப்பூர் அருகே ஆமேர் கோட்டையிலுள்ள ஷீஷ் மகாலில் ஒரு சுடர் எண்ணற்ற ஆடித் துண்டுகளில் மின்னுவதும் ஒளி எதிரொளிப்பதால்தான்.

ஓரறை வீட்டில் வேறொரு சிக்கலும் உண்டு. பிள்ளை படிக்கும் நேரத்தில் பாட்டி உறங்க வேண்டியிருக்கும். அப்போது படிப்பவரின் மேசைமேல் மட்டும் ஒளி விழுமாறு மூடியிட்ட விளக்கு தேவை. வலக்கையால் எழுதுவோர் அதனை இடப்பக்கம் வைத்தால், கையின் நிழல் எழுத்தின்மேல் விழாது.

அழகுக்காகச் சிலர் பொய்க்கூரை அமைத்து, அதில் விளக்குகளைப் பதிக்கின்றனர். அது அறையின் உயரத்தைக் குறைத்துவிடும், சிற்றறைக்குப் பொருந்தாது. செலவின்றிச் செய்யத்தக்கது வேறொன்று உண்டு. மின்சாரத்தை நிறுத்தி, விளக்கு ஆறியபின், பெரியவர் ஒருவர் அதன்மேல் படிந்த தூசியை உலர்ந்த துணியால் துடைத்துவிட்டால், அன்று மாலையே வேறுபாடு தெரியும்.