வானொலியில் நம் ஊர்ச் செய்தி ஏன் வருவதில்லை?

கடலில் காற்று பலமாக இருக்கும் என்ற எச்சரிக்கையைக் கீழவைப்பார் மீனவருக்குத் தனியார் எஃப்.எம். சொல்லலாம். மின்தடை, குடிநீர் அறிவிப்புகளும் சொல்லலாம். ஆனால் அதே கரையில் மீனவர் போராட்டம் நடந்தால், தன் நிருபரை அனுப்பிச் செய்தி தர முடியாது. ஆகாசவாணிச் செய்தியை மாற்றாமல் ஒலிபரப்ப மட்டுமே அனுமதி. பாம்பனின் 'கடல் ஓசை' போன்ற சமுதாய வானொலிகளும் சொந்தமாகச் செய்தி தர முடியாது.

ஏன் இந்தத் தடை?

பாதுகாப்பையும் கண்காணிப்பதில் உள்ள சிரமத்தையும் மத்திய அரசு காரணமாகச் சொல்கிறது. ஆனால் மணிக்குப் பத்து நிமிடம் தனியார் எஃப்.எம். செய்தி சொல்லலாம் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2023-இல் பரிந்துரைத்தது.

தொலைக்காட்சிக்கு?

செய்தி சொல்லத் தடையில்லை. ஆனால் 1995-ஆம் ஆண்டின் கேபிள் சட்டப்படி ஒரு நிகழ்ச்சி நெறிமுறை உண்டு. அரை உண்மை, அவதூறு, வன்முறைத் தூண்டல் கூடாது என்கிறது அது. நியாயமான விதிதான். மீறல் எது என்று முடிவு செய்வது யார் என்பதில்தான் சிக்கல். அந்த அதிகாரம் மத்திய அமைச்சகத்திடம் இருக்கிறது.

டெல்லிக் கலவரச் செய்திக்காக 2020 மார்ச்சில் ஏசியாநெட் நியூஸ், மீடியா ஒன் ஆகிய மலையாளச் சேனல்களுக்கு 48 மணி நேரத் தடை விதிக்கப்பட்டது. எதிர்ப்பு எழுந்ததும் விலக்கப்பட்டது. 2022-இல் மீடியா ஒன்னின் உரிமம் புதுப்பிக்கப்படவில்லை. 2023 ஏப்ரல் 5 அன்று உச்ச நீதிமன்றம் அந்த முடிவை ரத்து செய்தது. அரசை விமர்சிப்பது உரிமத்தை மறுக்கக் காரணமாகாது என்றது.

தமிழகத்தில்?

தூத்துக்குடியில் போராட்டக்காரர்கள் மீது காவல்துறை நடத்திய துப்பாக்கிச் சூட்டில் 13 பேர் இறந்த சில வாரங்களில், 2018 ஜூனில், போராட்டங்கள் குறித்துப் புதிய தலைமுறை தொலைக்காட்சி கோவையில் விவாதம் நடத்தியது. பல தரப்பினரையும் பேச அழைத்த அந்த நிகழ்ச்சிக்காகச் சேனல் மீதே காவல்துறை வழக்குப் போட்டது. எல்லாத் தரப்பையும் பேசவைத்தால் மட்டும் பாதுகாப்பு கிடைத்துவிடாது என்பதை அந்த வழக்கு காட்டியது.

என்ன வழி?

பிரிட்டனில் ஒளிபரப்பு நடுநிலையாக இருக்க வேண்டும் என்பது சட்டம். அதைக் கண்காணிப்பது அமைச்சகம் அல்ல, ஆஃப்காம் என்ற தனி அமைப்பு. நம் உச்ச நீதிமன்றமும் 1995-லேயே, அலைவரிசைகள் பொதுச் சொத்து, அவற்றை நெறிப்படுத்த எல்லாத் தரப்பினரும் இடம்பெறும் சுதந்திரமான அமைப்பு வேண்டும் என்று தீர்ப்பளித்தது.

நடுநிலை வேண்டும் என்று கேட்பது தவறில்லை. செய்தியில் விமர்சிக்கப்படும் அரசே அதற்கு நீதிபதியாக இருப்பதுதான் தவறு. அந்தத் தீர்ப்பு கேட்ட அமைப்பை உருவாக்குங்கள், எஃப்.எம். நிலையங்களுக்கும் செய்தி உரிமை கொடுங்கள்.